ஐப்பசியில் யாரைக் கேட்பது? கரிசல் காட்டில் பயனர் ஆய்வைத் திட்டமிடுதல்

ஐப்பசி மாதத்தில் தூத்துக்குடி மாவட்டத்துப் பசுவந்தனைப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குள் கேள்வித்தாளோடு நுழைகிற குழு பூட்டிய வீடுகளைத்தான் பார்க்கும். மழை விழுந்த கரிசலில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் முளைத்து நிற்கிற நேரம் அது. பெண்கள் விடிகாலையிலேயே களையெடுக்கப் போயிருப்பார்கள். காட்டு வேலைக்குப் போகாதவர்களைத் தீப்பெட்டி ஆலை வேன் ஏற்றிக்கொண்டு போயிருக்கும். வீட்டில் இருப்பவர்கள் முதியவர்களும் சின்னப் பிள்ளைகளும். அந்த முதியவர்களிடம் கேட்டு நாற்பது தாள்களை நிரப்பிவிட்டு, ‘இந்தப் பகுதி விவசாயிகள் கைபேசிச் செயலியை விரும்பவில்லை’ என்று ஒரு முடிவு எழுதப்படும். எந்தத் தாளிலும் பொய் இருக்காது. ஆனால் உளுந்து விதைப்பவர், களையெடுப்பவர், விற்பவர் ஒருவரைக்கூட அந்தக் குழு சந்தித்திருக்காது.

ஒரு கருவியையோ சேவையையோ உருவாக்குவதற்கு முன், அதைக் கையாளப் போகிறவர்களின் வேலையையும் பழக்கத்தையும் நெருங்கிப் பார்ப்பதைப் பயனர் ஆய்வு என்கிறார்கள். மென்பொருள் நிறுவனங்களில் அது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. மானாவாரி விவசாயியை நோக்கியும் இன்று எத்தனையோ சேவைகள் வருகின்றன. 2004இல் தொடங்கிய கிசான் அழைப்பு மையம், 2018 ஏப்ரலில் தமிழக அரசு வெளியிட்ட உழவன் செயலி, பயிர்க் காப்பீட்டுக்கான இணையதளம், வானிலைக் குறுஞ்செய்திகள் எல்லாம் இந்த வரிசையில் அடங்கும். ஆனால் ஆய்வைத் திட்டமிடச் சொல்லித்தரும் நூல்களில் பெரும்பாலானவை, மின்விசிறிக்குக் கீழே கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் பயனரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கரிசல் காட்டுக்குப் போகிற குழு அவற்றிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், எதை இந்த மண்ணில் நடந்த பழைய முயற்சிகளிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்வித்தாளைச் செதுக்குவதில் போகும் உழைப்பில் பாதியையாவது, எந்த மாதம் போவது, குழுவில் யார் எந்த வீட்டுக்குப் போவது, ‘வேண்டாம்’ என்று பதில் வந்தால் எதைக் கைவிடுவது என்பதை முடிவுசெய்வதற்குச் செலவிட வேண்டும்.

நம் பக்கத்தில் இதற்கு நூறு ஆண்டு முன்கதை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தம் மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பி ஆய்வு செய்ய வைத்தார். அந்த அறிக்கைகள் 1918இல் நூலாக வந்தன. அதில் திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டானும், அன்று இராமநாதபுரம் மாவட்டத்திலும் இன்று விருதுநகர் மாவட்டத்திலும் இருக்கிற வடமலாபுரமும் இடம்பெற்றன. சொந்த ஊர்க்காரனை அனுப்புவது பெரிய யோசனை. அவனுக்கு வழி காட்ட ஆள் வேண்டாம், பேச்சு புரியும், அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். குறையும் அங்கேதான் இருக்கிறது. அன்று கல்லூரி வாசலை மிதித்தவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள குடும்பத்துப் பிள்ளைகள். நிலக்காரர் மகன் வந்து ‘கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு’ என்று கேட்கும்போது பண்ணையாள் என்ன சொல்ல முடியும்? ஸ்லேட்டரின் ஏற்பாட்டில் பாராட்ட வேண்டிய இன்னொன்று, அந்த ஊர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் திரும்பப் போனது. பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் மேற்பார்வையில் 1930களில் நடந்த மறு ஆய்வு 1940இல் வெளியானது. 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் மறுபடியும் போனார்கள். முதல் குழு எதையெல்லாம் பார்க்கத் தவறியது என்பது இப்படித் திரும்பிப் போனவர்களால்தான் தெரியவந்தது.

குழுவாக வேலை செய்பவர்களுக்குப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் விட்டுச்சென்ற பாடம் இதைவிட நேரடியானது. 1930களின் பிற்பகுதியில் வங்காளத்தில் சணல் பரப்பைக் கணக்கிடக் கிளம்பியபோது, பெரிய ஆய்வுக்கு முன் சிறிய முன்னோட்ட ஆய்வு செய்வதை அவர் ஒரு முறையாகவே ஆக்கினார். ஒரே பகுதியிலிருந்து இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, ஒன்றை ஒரு குழுவும் மற்றொன்றை இன்னொரு குழுவும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் சேகரிக்கச் சொன்னார். இரண்டு முடிவும் பெரிய அளவில் வேறுபட்டால், கோளாறு கேட்டவர்களிடம் இருக்கிறதா என்று சோதிக்கலாம். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்விலும் இந்த முறை தொடர்ந்தது. நாலு பேர் கொண்ட மாணவர் குழுகூட இதைச் செய்யலாம். ஒரே தெருவில் ஒற்றைப்படை வீடுகளுக்கு ஒரு ஜோடியும் இரட்டைப்படை வீடுகளுக்கு இன்னொரு ஜோடியும் போனால் போதும். அதற்குப் பணம் வேண்டாம், ஒழுங்கு மட்டும் வேண்டும்.

கரிசல் மண்ணைப் பற்றிய மிகப் பெரிய எச்சரிக்கை ஐதராபாத் அருகே பட்டன்செருவில் இருக்கும் இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வருகிறது. அந்த ஒரே வளாகத்தில் இரண்டு விதமான ஆய்வு நடந்தது. ஒரு பக்கம், ஆழமான கரிசலில் மழைக்காலத்திலும் பயிர் செய்ய அகலப் பாத்தி முறையை உருவாக்கினார்கள். அதற்கு மாடு இழுக்கும் சக்கரக் கருவி ஒன்றும் வந்தது. உழவு, பாத்தி, விதைப்பு, களையெடுப்பு எல்லாவற்றையும் அந்த ஒரே கருவி செய்யும். பொறியியலில் குறை சொல்ல முடியாத கருவி. சம்சாரிகள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. விலை கூடுதல், கனம் கூடுதல், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது தொல்லை; மாட்டு வண்டியும் நாட்டுக் கலப்பையும் அதே வேலையைக் குறைந்த செலவில் செய்துகொண்டிருந்தன. பால் ஸ்டார்க்கி என்பவர் உலகெங்கும் இத்தகைய சக்கரக் கருவிகளின் கதையை ஆராய்ந்து 1988இல் ஒரு நூல் எழுதினார். முப்பது ஆண்டு காலத்தில் பல நாடுகளில் சுமார் 10,000 கருவிகள் செய்யப்பட்டும், அவற்றைப் பல வேலைக்கும் தொடர்ந்து பயன்படுத்திய விவசாயிகள் மிகச் சொற்பம் என்பது அவர் கண்ட உண்மை. ஆய்வுப் பண்ணையில் வெற்றி கிடைத்ததும் அதையே விவசாயியின் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் நான் இதிலிருந்து படிப்பது.

அதே இக்ரிசாட்டின் பொருளியலாளர்கள் 1975இல் வேறொரு வழியில் போனார்கள். இன்றைய தெலங்கானாவிலும் மகாராஷ்டிரத்திலும் ஆறு கிராமங்களைத் தேர்ந்தார்கள். சோலாப்பூர் பக்கத்துக் கரிசல் ஊர்களும் அவற்றில் உண்டு. ஊருக்கு 40 குடும்பங்கள்: நிலமில்லாக் கூலிக் குடும்பம் 10, சிறு, நடுத்தர, பெரு விவசாயிகள் பத்துப் பத்தாக 30. ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஆய்வாளர் குடியிருந்து, சில வாரங்களுக்கு ஒருமுறை அதே குடும்பங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். உழைப்பு, கடன், சாப்பாடு, விற்பனை எல்லாம் நடக்கிற நேரத்திலேயே பதிவாயின. கூலிக்காரர்களைத் தனி வகையாக வைத்து அவர்களுக்கும் இடம் ஒதுக்கியதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ‘விவசாயி’ என்று பொதுவாகத் திட்டத்தில் எழுதினால், கடைசியில் நாம் பேசுவது டிராக்டர் வைத்திருப்பவரிடமாகத்தான் இருக்கும்.

தமிழ்ச் சூழலில் பயனர் ஆய்வு என்ற பெயருக்கு மிக அருகில் வருவது, 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தொடங்கிய தகவல் மையங்கள். கணினியைக் கொண்டுபோய் வைப்பதற்கு முன், ஊரில் தகவல் எந்த வழியில் போகிறது என்று பார்த்தார்கள். உள்ளூர்க் கடைக்காரரும் சந்தையும் இடுபொருள் விற்பவரும்தான் மக்களுக்கு முதல் வழி என்று தெரிந்தது. வீராம்பட்டினத்தில் மீனவர்கள் கேட்டது கடலின் நிலவரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். மீனவர் யாரும் கணினியைத் தொட வேண்டியிருக்கவில்லை. மையம் எல்லாச் சாதியினரும் வந்துபோகக்கூடிய பொது இடத்தில் இருக்க வேண்டும், தொண்டர்களில் பெண்கள் சரிபாதியாவது வேண்டும் என்பவை நிபந்தனைகள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது, நல்லவாடு என்ற மீனவ ஊரில், அங்கிருந்த மையத்தின் ஒலிபெருக்கி வழியாக எச்சரிக்கை ஊருக்குள் பரவி உயிர்களைக் காப்பாற்றியது. எந்த நிபுணரும் சுனாமிக்காக அதை வடிவமைக்கவில்லை. தகவல் ஊருக்குள் எப்படிப் பரவும் என்பதை முன்னரே கேட்டுத் தெரிந்துகொண்டதன் பலன் அது.

மதுரை மாவட்டம் மேலூரில் 2001 முதல் சென்னை ஐ.ஐ.டி.யும் ஹார்வர்டு, எம்.ஐ.டி. பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய ‘சாரி’ திட்டம் இதற்கு மறுபக்கம். கிராம இணைய மையங்களில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் வசதி முதலில் நன்றாகப் போனது. ஆதரவாக இருந்த அதிகாரிகள் மாறிப்போனதும் அந்தச் சேவை தேய்ந்தது. மையங்கள் பலவும் மூடப்பட்டன. ஆய்வாளர்கள் மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் இருவரும் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். மக்களைக் கேட்டுவிட்டோம் என்பதோடு ஆய்வு முடியாது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அலுவலரும் ஒரு பயனர்தான். அவருக்கு இதில் என்ன வேலை கூடுகிறது, அவருக்குப் பின் வருபவர் ஏன் தொடர வேண்டும் என்றும் கேட்டாக வேண்டும்.

இனி ஒரு கற்பனைக் குழுவை வைத்துப் பார்க்கலாம். பசுவந்தனை, ஓட்டப்பிடாரம், கயத்தாறு சுற்றுவட்டாரத்தில் உளுந்தும் பாசியும் விளைவிப்பவர்களுக்கு விலையும் மழையும் சொல்லும் குரல்வழிச் சேவை ஒன்றை நாலைந்து பேர் தொடங்க நினைக்கிறார்கள்.

அவர்கள் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது, இந்தச் சேவையின் பயனர் யார் என்பதை. பட்டா தாத்தா பேரில் இருக்கும். உழுபவர் பேரனாகவோ குத்தகைக்காரராகவோ இருப்பார். ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் மகன் திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ வேலை பார்ப்பான். பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் வாங்கி இ-சேவை மையத்துக்குப் போனால், திரையைத் தொடுவது மையத்துக்காரர் கை. பூச்சி விழுந்தால் செடியைப் பிடுங்கிக்கொண்டு உரக்கடைக்குப் போகிறார்கள். 2018இல் படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்றபோதும் பலருக்கு முதல் ஆலோசகர் கடைக்காரர்தான். விளைச்சலைக் கோவில்பட்டிக்கோ விருதுநகருக்கோ கொண்டுபோனால் விலை சொல்பவர் கமிஷன் கடைக்காரர். பல சமயம் அவர்தான் முன்பணம் கொடுத்தவரும். ஆகவே விலை தெரிந்துவிட்டால் விவசாயி வேறு கடைக்குப் போவார் என்று குழு நினைத்திருந்தால், அந்த நினைப்பு முன்பணத்தில் வந்து முட்டும். இவ்வளவும் கேள்வித்தாள் எழுதுவதற்கு முன்பே குழுவின் சுவரில் ஒட்டியிருக்க வேண்டிய விஷயங்கள். கடைக்காரரையும் இ-சேவை மையத்தாரையும் கமிஷன் கடையையும் சேர்க்காத பட்டியல் பாதிப் பட்டியல்.

அடுத்தது பருவம். ஊரக வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் 1983இல் எழுதிய நூலில், வெளியிலிருந்து வருபவர்கள் தார்ச்சாலையை ஒட்டிய ஊர்களையும் போக்குவரத்துக்கு வசதியான மாதங்களையும் மட்டுமே பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று சுட்டிக்காட்டினார். நம் பக்கத்துக்கு அது அப்படியே பொருந்தும். மழை பெய்துவிட்டால் கரிசல் காலில் அப்பிக்கொள்ளும். வண்டி உள்ளே போகாது. அதனால் குழுக்கள் தை, மாசியில் வருகின்றன. அப்போது உளுந்து களத்தில் கிடக்கும், கையில் காசு வரும், முகத்தில் தெளிச்சி இருக்கும். விதைக்குக் கடன் வாங்கிய ஆவணியின் கவலை அந்தப் பதில்களில் வராது. ஆவணி, புரட்டாசியில், மழைக்கு முன்னால் புழுதியில் விதைப்பதா, காத்திருப்பதா என்பதுதான் மானாவாரிக்காரருக்குப் பெரிய தீர்மானம். இதே கேள்வியில் 1901 முதல் இயங்கும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. மழைத் தகவல் தேவையா என்று மாசியில் கேட்டால் ‘ஆமா’ என்பார்கள். புரட்டாசியில் கேட்டால், எத்தனை நாள் முன்னால், எந்த ஊருக்கு, தப்பிப் போனால் யார் பொறுப்பு என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தத் திருப்பிக் கேட்பதில்தான் வடிவமைப்புக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது.

எனவே ஆடியில் தொடங்குவது நல்லது. கோடை உழவு முடிந்து, விதைப்புக்கு முந்தைய அந்த இடைவெளியில் ஆட்களுக்குப் பேச நேரம் இருக்கும். புரட்டாசியில் விதைப்பைப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் நீண்ட பேட்டி கேட்பது தொந்தரவு. கூடவே காட்டுக்குப் போய் பார்க்கலாம், அல்லது பொழுதடைந்தபின் வாசலில் உட்கார்ந்து கொஞ்சம் பேசலாம். தை, மாசியில் விற்பனையைக் கூடவே போய்க் கவனிக்க வேண்டும். மாதிரிச் சேவையைச் சித்திரை, வைகாசியில் கையில் கொடுத்துப் பார்க்கலாம். நிதி கொடுப்பவர் மூன்று மாதம்தான் தருவார் என்றால் என்ன செய்வது? அந்த மூன்று மாதத்துக்கு உரிய கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பங்குனியில் வந்து விதைப்பைப் பற்றிக் கேட்கக் கூடாது.

குழுவில் யார் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். பெண் இல்லாத குழு இந்தப் பக்கம் வரவே கூடாது. களையெடுப்பும் பருத்தி எடுப்பும் விதை பத்திரப்படுத்துவதும் பெரும்பகுதி பெண்களின் வேலை. ஆண்கள் கேட்டால் ‘அவங்க வந்தா கேளுங்க தம்பி’ என்று புருசனைக் கைகாட்டிவிடுவார்கள். ஒரு பெண், ‘மதினி, போன வருசம் விதை உளுந்தை எதுல போட்டு வச்சீக?’ என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் பேச்சு எங்கேயோ போகும். கோவில்பட்டியைச் சுற்றிப் பல ஊர்களில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் குடும்பமே அப்படித்தான். குழுவில் ஒருவருக்காவது அந்தப் பேச்சு காதில் விழுந்தால் புரிய வேண்டும்.

சாதியைப் பற்றி வாய்மூடிக்கொண்டு திட்டம் போட முடியாது. ஊருக்குள் யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள், எந்தத் திண்ணையில் முதல் நாள் உட்காருகிறோம் என்பதைப் பார்த்தே அடுத்த தெரு தன் பதிலைத் தீர்மானிக்கும். சாவடியில் எல்லோரும் சமமாக உட்கார முடியாத ஊரில் சாவடிக் கூட்டம் போட்டால், வராதவர்களின் குரல் கணக்கிலேயே வராது. ரேஷன் கடை வாசல், பள்ளிக்கூடம், நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரை ஆகியவை மேலானவை. முதல் நாள் ஒரு தெருவென்றால், அன்றைக்கே சாயங்காலம் மறுதெருவுக்கும் போய்விட வேண்டும்.

எத்தனை பேரைக் கேட்பது? ஐந்து பேர் போதும் என்று ஒரு வாய்பாடு மென்பொருள்காரர்களிடம் புழங்குகிறது. ஐந்து பேரைச் சோதித்தால் ஒரு திரையிலுள்ள சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று யாக்கோப் நீல்சன் 2000இல் எழுதியதிலிருந்து வந்தது அது. முடிந்த வடிவத்தைச் சோதிப்பதற்கு அது சரி. ஒரு வட்டாரத்து வாழ்க்கையை அறிய அது உதவாது. நிலமுள்ளவர், குத்தகைக்காரர், கூலிக்காரர், ஆடு வளர்ப்பவர், கடைக்காரர் என்று வகை பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் புதுச் செய்தி வருவது நிற்கும்வரை கேட்பதுதான் வழி.

கேட்கும் விதம் பற்றி ஒன்றே ஒன்று. ‘இந்தச் செயலி உங்களுக்குப் பயன்படுமா?’ என்று கேட்டால், வீடு தேடி வந்த பிள்ளையை வருத்தப்பட வைக்க யாருக்கும் மனசு வராது. ‘நல்லாத்தான் இருக்கு’ என்பார்கள். ‘அண்ணாச்சி, கடைசியா உளுந்து வித்தீகளே, அன்னைக்கு விலையை யாருகிட்ட கேட்டீக?’ என்று நடந்ததைக் கேட்டால் நடந்தது வரும். வந்ததை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அன்று இரவே குழு சேர்ந்து உட்கார்ந்து, பார்த்தது எது, சொன்னது எது, நாமாக நினைத்துக்கொண்டது எது என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். நாலு நாள் கழித்துப் பிரிக்க முடியாது, மூன்றும் கலந்துவிடும்.

கூலியையும் திட்டத்தில் எழுத வேண்டும். உருப்படிக்குக் காசு வாங்கும் தீப்பெட்டித் தொழிலாளியின் ஒரு மணி நேரத்தைச் சும்மா வாங்குவது நியாயமில்லை. எதற்காகக் கேட்கிறோம், குரலைப் பதிந்தால் அதை என்ன செய்வோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வராவிட்டாலும் இது செய்ய வேண்டியதே.

இவையெல்லாம் இருந்தும், ஒன்று இல்லாவிட்டால் ஆய்வு வீண். கிளம்புவதற்கு முன்னால், வரக்கூடிய பதில்களையும் ஒவ்வொன்றுக்கும் தாங்கள் செய்யப்போவதையும் குழு எழுதி வைத்து, பணம் கொடுப்பவரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும். விலைத் தகவலால் முன்பணம் வாங்கியவர்களுக்குப் பயனில்லை என்று தெரிந்தால் விலைச் சேவையை விட்டுவிடுவோமா? கூலிக்காரப் பெண்கள் கேட்பது மழையோ விலையோ அல்ல, நாளைக்கு யார் காட்டில் வேலை என்ற செய்திதான் என்றால் சேவையையே மாற்றுவோமா? சக்கரக் கருவி செய்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே இந்தத் தாளில் கையெழுத்துப் போடும் வாய்ப்பு இருந்திருந்தால், எத்தனை ஆண்டு உழைப்பு மிஞ்சியிருக்கும்!

அறிக்கை எழுதும்போது கூடவே நடந்தவர்களை மறந்துவிடுகிறார்கள். 1964இல் வந்த தமிழர் நாட்டுப் பாடல்கள் தொகுப்புக்கு ஆய்வாளர் நா. வானமாமலை பல ஊர் நண்பர்களைக் கொண்டு பாடல் சேகரித்தார். கரிசல் பக்கத்திலிருந்து தங்கம்மாள்புரம் எஸ்.எஸ். போத்தையா என்ற பள்ளி ஆசிரியர் அதில் உழைத்தார். சேகரித்தவர்களின் பெயர்கள் அந்த நூலில் இருக்கின்றன. பசுவந்தனைப் பக்கம் ஆய்வு செய்யும் குழுவும் அப்படியே செய்யட்டும். வழி காட்டியவர், தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொன்னவர், கண்மாய்க் கரையில் பெண்களைப் பேச வைத்தவர் எல்லோருடைய பெயரையும், அவர்கள் சம்மதித்தால், அறிக்கையின் முதல் பக்கத்தில் போடட்டும். அந்த அறிக்கையைத் தமிழில் அச்சடித்து, அடுத்த ஆடியில், விதை வாங்க ஊர் கிளம்புவதற்கு முன், ஒவ்வொரு தெருவிலும் வாசித்துக் காட்டட்டும். ‘நான் அப்படிச் சொல்லலையே’ என்று யாராவது எழுந்தால், திருத்தி எழுத அப்போதும் நாள் இருக்கும்.